பாலியஸ்டரிலும் ரீசைக்கிள் துணியிலும் செடிச்சாயம் ஏறுமா?

திருப்பூரில் சின்னதாக பனியன் யூனிட் நடத்தும் ஒருவர் கேட்டது: ‘பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டர் துணி, கட்டிங் வேஸ்ட்டிலிருந்து எடுத்த ரீசைக்கிள் காட்டன், இரண்டும் கலந்த துணி என மூன்று வகை என்னிடம் இருக்கிறது. வெளிநாட்டு பையர் இவற்றுக்கு மஞ்சள், அவுரி, மஞ்சிட்டி மாதிரி செடிச்சாயம் போட்டுத் தர முடியுமா என்கிறார். முடியுமா?’

ரீசைக்கிள் காட்டனில் முடியும், நன்றாகவே முடியும். பாட்டில் பாலியஸ்டரில் ஒரு சில செடிகளை வைத்து, 130 டிகிரி சூட்டில், வெளிர் நிறங்கள் மட்டும் எடுக்கலாம். ஆனால் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். கலப்புத் துணியில் பருத்திப் பங்கு நிறம் பிடிக்கும், பாலியஸ்டர் பங்கு அப்படியே நிற்கும். அதைக் குறையாகப் பார்க்காமல் டிசைனாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

எந்தச் செடி என்ற கேள்விக்கு முன்னால், எந்த இழை என்ற கேள்வி வர வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் சாயம் ஏறவில்லை, போய்விட்டது என்ற புகார் வருகிறது.

பருத்தி இழை தண்ணீரை விரும்புவது. சாதாரணக் காற்றில் வைத்தாலே தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். விஸ்கோஸ் 11 முதல் 13 சதவீதம். நைலான் 4. பாலியஸ்டர் வெறும் 0.4. செடிச்சாயம் எல்லாமே தண்ணீர் வழியாக வருவது. தண்ணீரையே உள்ளே விடாத இழைக்குள் சாயம் எப்படிப் போகும்? போதாக்குறைக்கு, சாயமும், சாயத்தை இழையோடு பிணைக்கும் படிகாரம் போன்ற மார்டன்ட் உப்புகளும் பிடித்துக்கொள்ளப் பருத்தியில் இருக்கும் கொக்கிகள் பாலியஸ்டரில் கிட்டத்தட்ட இல்லை. படிகாரத்தில் இரவெல்லாம் ஊறப் போட்டாலும், ஒரு அலசலில் படிகாரம் தண்ணீரோடு போய்விடும்.

இது செடிச்சாயத்தின் குறை மட்டுமல்ல. முதல் உலகப் போருக்குப் பிறகு அசிட்டேட் இழை சந்தைக்கு வந்தபோது, அன்றைக்குக் கையில் இருந்த செயற்கைச் சாயங்களும் அதில் சரியாக ஏறவில்லை. அதற்காகவே 1920-களில் டிஸ்பர்ஸ் சாயம் என்ற தனி வகையை உருவாக்கினார்கள். தண்ணீரில் கரையாத, மின்சுமை இல்லாத, சிறிய மூலக்கூறுகள் அவை. 1941-இல் பாலியஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அதற்கும் அந்த வகைதான் கைகொடுத்தது. இன்றைக்கு உங்கள் ஊர் சாயப்பட்டறையில் பாலியஸ்டருக்குப் போடுவதும் அதுவே.

இதிலிருந்தே பாலியஸ்டருக்கு எந்தச் செடி பொருந்தும் என்பதை ஊகித்துவிடலாம்: டிஸ்பர்ஸ் சாயம் மாதிரியே சிறிய, தண்ணீரில் அதிகம் கரையாத நிறப்பொருள் எந்தச் செடியில் இருக்கிறதோ அது. மருதாணி இலையில் உள்ள லாசோன் இந்த வகை. அதன் மூலக்கூறு எடை 174 மட்டுமே. சாயவேரில் இருக்கும் அலிசரின் 240. மஞ்சிட்டியிலும் நுணா வேரிலும் இருப்பவை அதே குடும்பம்தான். மஞ்சளின் குர்குமின் 368, அதுவும் ஏறும். பாலியஸ்டர் சேலையில் பட்ட மஞ்சள் கறை லேசில் போகாததை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். கடுக்காயின் முக்கியமான துவர்ப்பொருள்கள் 950 பக்கம். அவை இழைக்குள் நுழையவே நுழையாது, மேலே ஒட்டிக்கொண்டு நின்று துவைப்பில் போய்விடும். அதனால் பருத்திக்கு முதுகெலும்பாக இருக்கும் கடுக்காய், மாதுளை ஓடு, கருவேலம்பட்டை எல்லாம் பாலியஸ்டரில் வீண். செம்பருத்தி, சங்குப்பூ போன்ற பூ நிறங்கள் அந்தச் சூட்டில் சிதைந்தே போகும்.

அந்தச் சூடு ஏன் தேவை? பாலியஸ்டர் இழை 70, 80 டிகிரிக்கு மேல்தான் உள்ளுக்குள் இளக ஆரம்பிக்கும். சாயம் உள்ளே ஓடும் அளவுக்கு இளக 130 டிகிரி வேண்டும். திறந்த அண்டாவில் தண்ணீர் 100-ஐத் தாண்டாது. ஆகவே அழுத்தத்தில் ஓடும் ஹெச்டி (ஹை டெம்பரேச்சர்) சாஃப்ட் ஃப்ளோ மெஷின் மாதிரி ஒன்று வேண்டும். சாம்பிளுக்கு லேப் பீக்கர் டையிங் மெஷின் போதும். வீட்டு பிரஷர் குக்கரில் முயற்சி செய்யக் கூடாது. அது 120 டிகிரியைத் தொடும் என்பது உண்மைதான், ஆனால் துணியோ பொடியோ வெயிட் வால்வை அடைத்தால் விபத்து. சாயம் போட்ட பாத்திரத்தில் மறுபடி சமைக்கவும் கூடாது.

செய்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் மருதாணியிலிருந்து தொடங்குங்கள். இலைப்பொடியை நேராகக் கொட்டாமல், சாறு எடுத்து நன்றாக வடிகட்டி, டிஸ்பர்சிங் ஏஜென்ட் கொஞ்சம் சேர்த்து, அசிட்டிக் ஆசிட்டால் பிஹெச் 4.5 முதல் 5-க்குள் கொண்டுவந்து, மெதுவாக 130-க்கு ஏற்றி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். பொன்னிறம் தொடங்கி இளம் பழுப்பு வரை கிடைக்கும். அப்புறம் சூடான சோப்பு வாஷ். டிஸ்பர்ஸ் சாயத்துக்குச் செய்வதுபோல, மேலே ஒட்டிய மிச்சச் சாயத்தைப் போக்க காஸ்டிக்கும் ஹைட்ரோவும் போட்டு ரிடக்‌ஷன் கிளியரிங் செய்தால் ஏறிய நிறமும் சேர்ந்து அடிபடும், கவனம். துணியில் லைக்ரா இருந்தால் அந்தச் சூட்டில் நீண்ட நேரம் ஓடுவது அதன் இழுவையைக் கெடுக்கும்.

பாலியஸ்டரை முதலில் காஸ்டிக்கில் ஓட்டி மேற்பரப்பை அரித்து, சாயம் பிடிக்கும் கொக்கிகளை உண்டாக்கும் முறையும் உண்டு. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைப் பூசி, அதன்மேல் துவர்ப்பொருளையும் சாயத்தையும் பிடிக்க வைக்கும் முறையும் உண்டு. பிளாஸ்மா சிகிச்சையும் ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. இவற்றால் நிறம் கூடும் என்பது உண்மை. ஆனால் காஸ்டிக்கில் துணி எடை குறையும், உங்கள் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) கணக்கு மாறும், கழிவுநீரில் புதிதாக ஒரு சுமை சேரும். கைட்டோசான் பூச்சோ அதிகம் போனால் துணியை விறைப்பாக்கும்.

நான் வேண்டாம் என்று சொல்வது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அத்தனை சூடும் அழுத்தமும் கொடுத்து, ஒரு வெளிர் பழுப்பு நிறத்தை எடுத்து, அதை ‘இயற்கை’ என்று விற்பதில் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்? பாட்டில் பாலியஸ்டருக்கு உண்மையிலேயே தண்ணீரை மிச்சம் செய்கிற வழி டோப் டையிங். பிளாஸ்டிக் சில்லை உருக்கி இழையாக இழுக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடுவார்கள்; சாயத்தொட்டியே தேவையில்லை, நிறமும் வெயிலுக்கும் துவைப்புக்கும் நன்றாகத் தாங்கும். பாலியஸ்டர் டி-சர்ட் வேண்டும் என்கிற பையருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: பாட்டிலை உருக்கி எடுக்கும் சில்லு லேசான மஞ்சள் சாயல் கொண்டது, லாட்டுக்கு லாட் சாயலும் சாயம் ஏறும் அளவும் மாறும். அடர் நிறத்தில் இது மறைந்துவிடும். செடிச்சாயத்தின் வெளிர் நிறத்தில் அப்படியே தெரியும்.

சந்தையில் ‘செடிச்சாயம் போட்ட பாலியஸ்டர்’ என்று நல்ல அடர் நிறத்தில் யாராவது காட்டினால் ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தேய்த்துப் பாருங்கள். சிலர் செடி நிறத்தைப் பிக்மென்ட்டாக மாற்றி, அக்ரிலிக் பைண்டரால் துணிமேல் ஒட்டுகிறார்கள். தொழில்நுட்பமாக அது தவறில்லை, ஆனால் ஒட்டியிருப்பது இன்னொரு பிளாஸ்டிக். அதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும்.

மற்ற செயற்கை இழைகள் எல்லாம் இப்படி அடம்பிடிப்பவை அல்ல. நைலான் நல்ல பிள்ளை. அதன் கட்டமைப்பில் இருக்கும் அமீன் முனைகள் கம்பளி, பட்டுக்கு ஓரளவு நெருக்கமாக நடந்துகொள்ளும். பிஹெச் 4 முதல் 5-இல், 90-95 டிகிரியில், திறந்த பாத்திரத்திலேயே மருதாணி, மஞ்சிட்டி, வெங்காயத் தோல் எல்லாம் அழகாக ஏறும். பழைய மீன்வலைகளை மறுசுழற்சி செய்து எடுக்கும் நைலான் இப்போது கிடைக்கிறது. செயற்கை இழையில்தான் செடிச்சாயம் வேண்டும் என்று பையர் பிடிவாதமாக இருந்தால் நான் காட்டும் வழி இதுதான். விஸ்கோஸ், மோடால் இரண்டையும் செயற்கை என்று பலர் நினைக்கிறார்கள். அவை மரக்கூழிலிருந்து வருபவை, பருத்தியைவிட அடர்த்தியாகவே நிறம் பிடிக்கும். அக்ரிலிக்குக்குப் பொருந்தும் செடிச்சாயம் மரமஞ்சளில் உள்ள பெர்பெரின். நேர்மின்சுமை உள்ள அபூர்வமான இயற்கை நிறம் என்பதால் அக்ரிலிக் அதை இழுத்துக்கொள்ளும். ஆனால் மரமஞ்சள் கொடி காடுகளில் அருகிப்போன ஒன்று. ஒரு ஸ்வெட்டருக்காக அதை வெட்டக் கூடாது.

சரி, உங்கள் கையில் இருக்கும் நல்ல சரக்குக்கு வருவோம். ரீசைக்கிள் காட்டன்.

இதன் முதல் சிக்கல், அது முழுக் காட்டன்தானா என்பது. கட்டிங் வேஸ்ட்டைப் பிரிக்கும்போது தையல் நூல், லைக்ரா ரிப், பாலி-காட்டன் துண்டு எல்லாம் உள்ளே போய்விடும். வேஸ்ட்டை நூலாக்கும் ஓஇ (ஓப்பன் எண்ட்) மில்லில் ‘நூறு சதவீதம் காட்டன்’ என்று சொன்னாலும் சோதித்துவிடுங்கள். துணியிலிருந்து நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையோடு மிருதுவான சாம்பல் ஆனால் பருத்தி. கறுப்புப் புகையோடு சுருங்கி, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத மணியாக இறுகினால் பாலியஸ்டர் இருக்கிறது. எத்தனை சதவீதம் என்று தெரிய, லேபில் கொடுத்து அமிலச் சோதனை செய்யச் சொல்லுங்கள். 70 சதவீத கந்தக அமிலத்தில் பருத்தி கரைந்துவிடும், பாலியஸ்டர் மிஞ்சும். இதை யூனிட்டில் நீங்களே செய்ய வேண்டாம்.

இரண்டாவது, பழைய சரக்கின் மிச்சங்கள். வெள்ளை வேஸ்ட்டிலிருந்து வந்த நூலில், துணியைப் பளிச்சென்று காட்டப் போடும் ஆப்டிகல் பிரைட்னர் பெரும்பாலும் இருக்கும். கள்ள நோட்டு பார்க்கும் நீல விளக்கை இருட்டில் துணிமேல் காட்டுங்கள். பளீரென்று நீல வெள்ளையாக மின்னினால் இருக்கிறது என்று அர்த்தம். திட்டுத்திட்டாக மின்னினால் கலப்பு வேஸ்ட். பிரைட்னர் இருக்கும் துணியில் மஞ்சிட்டியின் சிவப்பு, கடை விளக்கில் ஒரு மாதிரியும் வெயிலில் வேறு மாதிரியும் தெரியும், பையரோடு ஷேடு தகராறு அங்கேதான் தொடங்கும். அதே துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக உட்கார்ந்திருந்தால் பழைய சிலிக்கான் சாஃப்ட்னரோ மெழுகோ இருக்கிறது. அதைப் போக்காமல் சாயத்துக்குப் போகாதீர்கள். லிட்டருக்கு 3 கிராம் சலவை சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு, கொதிக்கும் சூட்டுக்கு அருகில் ஒரு மணி நேரம் ஓட்டி, சொட்டுத் தண்ணீர் சோதனையை மறுபடி செய்யுங்கள். தேறும்வரை இதைத் திரும்பச் செய்வதில் தப்பில்லை.

அடுத்தது மார்டன்ட். பருத்தி தானாகப் படிகாரத்தை அதிகம் பிடித்துக்கொள்ளாது, அதனால்தான் நம் முன்னோர் கடுக்காயை நடுவில் வைத்தார்கள். ஒரு கிலோ துணிக்கு 200 கிராம் கடுக்காய்ப் பொடி. வெந்நீரில் கரைத்து வடிகட்டி, துணியை இரவு முழுக்க ஊற வைத்து, அலசாமல் பிழிந்து நிழலில் காய வையுங்கள். துணி இளமஞ்சளாக மாறியிருக்கும். அப்புறம் 150 கிராம் படிகாரம். அதில் எட்டில் ஒரு பங்கு சலவை சோடாவைத் தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், பொங்கி அடங்கும். இது படிகாரத்தின் புளிப்பைக் குறைத்து அலுமினியம் பருத்தியில் உட்கார உதவும். இரண்டு மணி நேரம் ஊறிய பின் லேசாக அலசி எடுத்தால் துணி சாயத்துக்குத் தயார்.

மஞ்சிட்டி என்றால் கிலோ துணிக்கு 500 முதல் 700 கிராம் வேர்ப்பொடி. குளிர்ந்த நீரில் தொடங்கி மெதுவாக 70-80 டிகிரிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் அந்தச் சூட்டில் வைத்து, அதிலேயே ஆற விடுங்கள். கொதிக்க விட்டால் சிவப்பு பழுப்பாகச் சாயும். இங்கே ஒரு நல்ல செய்தி: சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீர் இந்த வேர்ச்சாயக் குடும்பத்துக்கு உதவும். சோழமண்டலக் கரையில் சாயவேர் சிவப்பு பேர் வாங்கியதில் அந்த ஊர்த் தண்ணீருக்கும் பங்குண்டு. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் மட்டும் எல்லா நிறமும் மங்கிவிடும், அதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சாம்பல், கருஞ்சாம்பல் வேண்டும் என்றால் கடுக்காய் ஏற்றிய துணியை அன்னபேதி என்ற இரும்பு உப்பின் கரைசலில் முக்கினால் போதும், கண்ணெதிரே நிறம் மாறும். ஆனால் அளவு முக்கியம். கிலோவுக்கு 20 கிராமுக்கு மேல் போகாதீர்கள், நன்றாக அலசுங்கள். இரும்பு நாளடைவில் பருத்தியை இற்றுப்போகச் செய்யும். ரீசைக்கிள் நூலிலோ இழைகள் ஏற்கெனவே அறுபட்டுக் குட்டையாக இருக்கின்றன. புதுப் பருத்தி தாங்குவதை இது தாங்காது. மயில்துத்தம், பொட்டாசியம் டைகுரோமேட் இரண்டையும் தொடவே வேண்டாம். பழைய குறிப்புகளில் இருக்கும், நிறமும் அருமையாக வரும், ஆனால் டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

அவுரி தனி ரகம். மார்டன்ட் வேண்டாம், சூடும் பெரிதாக வேண்டாம். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது, பக்கத்திலேயே தரமான நீலக்கட்டி வாங்கலாம். காரத்தொட்டியில் முக்கி எடுத்தால் பச்சையாக வெளிவரும் துணி காற்றுப் பட்டதும் நீலமாகும். ஒரே முக்கலில் அடர் நீலம் வாங்கப் பார்க்காமல், மெல்லிய தொட்டியில் பலமுறை முக்குங்கள். ரீசைக்கிள் நூலில் மயிர் அதிகம், அதனால் தேய்த்தால் நீலம் விடுவது புதுக் காட்டனைவிடக் கூடுதலாக இருக்கும். பலமுறை முக்கலும் கடைசியில் நல்ல சோப்பு வாஷும் அதைக் குறைக்கும்.

இங்கே கலப்புத் துணியைக் கொண்டு வாருங்கள். அவுரித் தொட்டியில் முக்கினால் பருத்தி நீலமாகும். பாலியஸ்டரில் மேலோட்டமாகப் பட்டது சோப்பு வாஷில் போய்விடும். கிடைப்பது உப்பும் மிளகும் கலந்தது போன்ற நீல மெலாஞ்சு. இதற்கு உங்கள் ஊரில் தனியாக மெலாஞ்சு நூல் வாங்குகிறார்கள். கலர் பிரித்த வேஸ்ட்டிலிருந்து வந்த சாம்பல் நூலின் மேல் அவுரியோ மஞ்சிட்டியோ போட்டாலும் ஆழமான, மண்ணோடு சேர்ந்த நிறங்கள் வரும். வெள்ளையாக பிளீச் அடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. பிளீச் அந்தக் குட்டை இழைகளை மேலும் நோகடிக்கும்.

தைத்த பிறகு சாயம் போடுவதாக இருந்தால் ஒரு விஷயம். உங்கள் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். டி-சர்ட் முழுக்கச் சிவந்திருக்கும், கழுத்திலும் கையிலும் வெள்ளைத் தையல் கோடு பல்லிளிக்கும். காட்டன் நூலில் தையுங்கள். லேபிளும் அப்படியே.

பையர் விரும்பும் மஞ்சளைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். எந்தத் துணியிலும் ஏறும், எதிலும் வெயிலுக்கு நிற்காது. ஒளித்தாங்குதிறனை அளக்கும் எட்டுப் படி அளவுகோலில் அது ஒன்று, இரண்டில்தான் நிற்கும். மஞ்சள் நிறம் வேண்டுமானால் மாதுளை ஓடும் துலுக்கச் சாமந்தியும் படிகாரத்தோடு சேர்த்துப் போடுங்கள். பீட்ரூட், செம்பருத்தி, சங்குப்பூ பக்கம் போகவே வேண்டாம்.

உங்கள் ஊருக்கு இந்த வேலையில் ஒரு பெரிய ஆதாயம் இருக்கிறது. பருத்திக்கு வழக்கமாகப் போடும் ரியாக்டிவ் என்ற செயற்கைச் சாயத்துக்கு லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போட வேண்டும். நொய்யல் ஆற்றையும் அதன் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரும் பங்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது போனது. மேலே சொன்ன முறைகளில் அந்த உப்பு தேவையே இல்லை. ஆனாலும் கழிவு இல்லாமல் போய்விடாது. படிகாரமும் இரும்பும் தண்ணீரில் இருக்கும், செடிச் சாறு அழுகி ஆக்சிஜனை இழுக்கும். எனவே சுத்திகரிப்புக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். வடிகட்டிய சக்கையை மட்டும் உரமாக்கலாம்.

பையரிடம் பேசும்போது ஒரே லேப் டிப்பை, அதாவது ஒரே ஒரு மாதிரி நிறத்துண்டை, ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளிர், நடு, அடர் என மூன்று துண்டுகளைக் காட்டி, இந்த எல்லைக்குள் வரும் என்று எழுதி வாங்குங்கள். ஆர்டர் முழுவதுக்கும் வேர்ப்பொடியை ஒரே லாட்டில் வாங்கி வையுங்கள். ரீசைக்கிளுக்கான ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்ட் ஸ்டாண்டர்ட்) சான்று முக்கியமாகத் துணியில் மறுசுழற்சி இழை எவ்வளவு என்பதற்கு; சாயம் செடியிலிருந்து வந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. கலப்புத் துணியின் லேபிளில் ‘பருத்திப் பங்குக்கு மட்டும் செடிச்சாயம்’ என்று போடுங்கள். முதல் வேலையாக மூன்று துணியிலும் நூறு கிராம் வெட்டி, மூன்றையும் ஒன்றாக மேலே சொன்ன கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி என்ற வரிசையில் ஓட்டி, துவைப்பு, தேய்ப்பு, வெயில் மூன்றுக்கும் லேப் ரிப்போர்ட் எடுத்து, துண்டுகளோடு அனுப்பிவிடுங்கள். பாலியஸ்டர் துண்டையும் விடாமல் அனுப்புங்கள். வாதம் செய்யாமலே பையருக்குப் புரிந்துவிடும்.